வாசகரைக் கடைசி வரி வரை கூட்டிச் செல்லும் சிறுகதை: கட்டும் ஒழுங்கு, படிப்படியாக

மட்டக்களப்பில் புதிதாகச் சிறுகதை எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளை வாசிக்கும்போது ஒரே இடறலைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். மொழி தெளிவாக இருக்கிறது. எடுத்துக்கொண்ட வாழ்க்கையும் உண்மையானது. ஆயினும் மூன்றாம் பக்கத்தில் கை தானாகவே தாளைக் கீழே வைத்துவிடுகிறது. முதல் வரியில் தொடங்கி, முடிவைத் தேடிக்கொண்டே எழுதிச் செல்வதால், வாசகர் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது எழுதுகிறவருக்கே தெரியாமற் போகிறது. வேலையின் ஒழுங்கை மாற்றினால் இந்தக் குறையின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

கீழே வருவது 1500 முதல் 3000 சொற்கள் வரையான சிறுகதைக்குரிய ஒழுங்கு. ஒரு படியை முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஏனெனில் பின்னால் வரும் ஒவ்வொரு தீர்மானமும் முன்னதன் மேல் நிற்கிறது.

1. எழுத உட்காருமுன்: மூன்று விடைகளும் ஒரு காலக்கெடுவும்

கொப்பியில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். கதையின் நடுவில் நிற்கும் ஆள் எதை வேண்டுகிறார்? அதைத் தடுப்பது எது? அது கிடைக்காவிட்டால் அவர் எதை இழப்பார்?

விடைகள் கண்ணால் காணக்கூடிய பொருளாகவோ செயலாகவோ இருக்க வேண்டும். "அவள் நிம்மதியை வேண்டுகிறாள்" என்று எழுதினால், அது கிடைத்ததா இல்லையா என்பதை எந்தக் காட்சியிலும் காட்ட முடியாது. காட்ட முடியாத ஒன்றுக்காக வாசகரும் காத்திருக்க மாட்டார்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கதையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், மண்டூரில் இருக்கும் பூமணி என்ற விதவைத் தாய். நாளை மகளின் கலியாணம். மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலி களுவாஞ்சிகுடியிலுள்ள வங்கியொன்றில் அடகில் இருக்கிறது. பெரும்போக நெல்லை விற்று மீட்கலாம் என்று நம்பியிருந்தாள். மாசியில் எதிர்பாராமல் பெய்த மழையில் நெல் நனைந்து, வியாபாரி விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டான். மிஞ்சியிருக்கும் ஒரே வழி, வாவிக்கு அப்பால் குருமண்வெளியில் வசிக்கும் அண்ணன். அவரோடு நெடுங்காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காலக்கெடுவையும் இப்போதே குறியுங்கள். வங்கி பின்னேரம் மூன்று மணிக்கு மூடப்படும் என்று வைத்துக்கொண்டால், அதன்பின் கதையில் வரும் ஒவ்வொரு தாமதத்துக்கும் எடை உண்டாகிவிடுகிறது. பாதை, அதாவது வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை, அக்கரையில் நிற்கிறது என்ற சாதாரணத் தகவல்கூட வாசகரைப் பதற வைக்கும். கெடு இல்லாத கதையில் அதே பாதை வெறும் வர்ணனை.

இதனோடு ஒரு நாட்காட்டித் தாளும் தேவை. கதை நடக்கும் மாதத்தில் வயலில் என்ன வேலை நடக்கிறது, மாரி மழையா, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றா, ஊர்க் கோயிலில் சடங்கு நடக்கும் காலமா என்பவற்றை அதில் எழுதி வையுங்கள். வைகாசியில் நடக்கும் கதையில் கண்ணகை அம்மன் கோயிற் கதவு திறக்கும் நாட்களை மறந்துவிட்டால், இந்தப் பக்கத்து வாசகர் அந்த இடத்திலேயே கதையை நம்புவதை நிறுத்திவிடுவார்.

2. முடிவை முதலில் தீர்மானித்தல்

பலர் தயங்கும் படி இது. முடிவு தெரிந்துவிட்டால் எழுதும் ஆர்வம் போய்விடும் என்கிறார்கள். நான் பார்த்த அளவில், முடிவு தெரியாமல் எழுதியவர்களே நடுவில் களைத்துப் போனார்கள். எதை விதைக்க வேண்டும் என்று தெரியாததால் கண்டதையெல்லாம் விதைத்தார்கள்.

முடிவைத் தெரிவு செய்யும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, கதை வெளிப்படையாக எழுப்பும் கேள்வி: சங்கிலி மீட்கப்படுமா? மற்றையது, அதன் கீழே ஓடும் கேள்வி: அண்ணனும் தங்கையும் மீண்டும் ஒன்றாவார்களா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் கதை இனித்துக் கரைந்துவிடும். இரண்டுக்கும் "இல்லை" என்றால் வாசகர் காத்திருந்ததற்குப் பலன் இல்லை. ஒன்றுக்கு ஆம், மற்றையதற்கு இல்லை என்று அமைக்கும்போதே முடிவுக்கு வலு வருகிறது.

எங்கள் கதையில் அண்ணன் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்கிறார். அவர் மனைவி சோறு போட்டு வைத்திருக்கிறாள். உட்கார்ந்து சாப்பிட்டால் வங்கி மூடிவிடும். சாப்பிடாமல் எழுந்தால் உறவு இனி இல்லை. பூமணி பாயில் உட்காருகிறாள். மகள் சங்கிலி இல்லாமல் மணவறையில் இருப்பாள். ஆனால் வரமாட்டேன் என்ற தாய்மாமன் பக்கத்தில் நிற்பார்.

முடிவு அந்த ஆளின் தெரிவால் நிகழ வேண்டும் என்பதைக் கவனியுங்கள். திடீர் விபத்து, எதிர்பாராத வெளிநாட்டுப் பணம், கனவிலிருந்து விழித்தல் ஆகியவை வாசகரை ஏமாற்றுவதற்குக் காரணம், அதுவரை அவர் கவனித்துவந்த எதற்கும் அவற்றோடு தொடர்பு இல்லாமையே.

3. கதையைத் தொடங்கும் இடத்தைக் குறித்தல்

முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். "இதற்குப் பிறகு தொடங்கினால் கதை விளங்காது" என்று தோன்றும் இடத்தில் நில்லுங்கள். அதுவே தொடக்கம்.

புதியவர்கள் பெரும்பாலும் மிக முன்னதாகத் தொடங்குகிறார்கள். பூமணியின் கலியாணம், கணவனின் மரணம், வயல் செய்த வருடங்கள், நகையை அடகு வைத்த நாள் என்று வரிசையாக வந்து, நாலாம் பக்கத்தில்தான் பாதையில் கால் வைக்கிறாள். அவற்றுள் வாசகருக்குத் தேவையானவை இரண்டோ மூன்றோ. அவற்றைப் பயணத்தின் இடையில் கொடுக்க முடியும். பாதை மண்டூர்த் துறையை விட்டு நகரும் கணத்தில் தொடங்கினால், திரும்பிப் போக முடியாத ஒரு செயலின் நடுவிலேயே வாசகரும் ஏறிவிடுகிறார்.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான காலத்தை இயன்றவரை சுருக்குங்கள். பூமணியின் கதைக்கு ஒரு மத்தியானம் போதும். காலம் நீள நீள, "இரண்டு மாதங்கள் கழிந்தன" போன்ற வரிகள் தேவைப்படும். அப்படிப்பட்ட ஒவ்வொரு வரியும் வாசகர் எழுந்து போகத் திறந்துவிடும் வாசலாகிறது.

4. பார்வையைத் தெரிவு செய்தல்

ஒரு சிறுகதைக்கு ஒருவருடைய பார்வை போதும். அதிகம் இழக்கக் கூடியவரின் பார்வையே பொதுவாகப் பொருந்தும். எங்கள் கதையில் அது பூமணி. அண்ணனின் மனத்துக்குள் நாம் போகாததால்தான் அவர் எதிரே வரும்போது என்ன செய்வார் என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது. ஒரே ஒரு பந்தியில் அவர் உள்ளத்தைக் காட்டிவிட்டாலும் அந்தக் கேள்வி அணைந்துவிடும். முதற் பிரதியை முடித்ததும் பார்வை தவறிய வரிகளைச் சிவப்புப் பேனாவால் தேடிப் பாருங்கள். ஏறத்தாழ எல்லாக் கைப்பிரதிகளிலும் இருக்கின்றன.

5. காட்சிப் பட்டியல்

இப்போதுதான் கதையின் உடல் உருவாகிறது. ஐந்து முதல் எட்டுக் காட்சிகளை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு குறிப்புகள்: இக்காட்சியில் என்ன மாறுகிறது, எந்தக் கேள்வி புதிதாகத் திறக்கிறது.

பூமணியின் கதைக்குப் பட்டியல் இப்படி அமையலாம். பாதையில் ஊர்க்காரி ஒருத்தி கலியாண ஏற்பாட்டை விசாரிக்கிறாள், பூமணி பொய் சொல்கிறாள் (எதை மறைக்கிறாள்?). குருமண்வெளித் துறையில் இறங்கியதும் களுவாஞ்சிகுடிப் பக்கம் போகாமல் எதிர்த் திசையில் நடக்கிறாள் (எங்கே போகிறாள்?). அண்ணன் வீட்டுப் படலை பூட்டியிருக்கிறது (காத்திருப்பாளா?). அண்ணனின் மகன் வந்து, அவளை யாரென்று தெரியாமல் "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்கிறான் (இவ்வளவு தூரமா பகை?). அண்ணன் வருகிறார். பணம், சோறு, மூன்று மணி.

பட்டியலை எழுதியதும் ஒவ்வொரு இரண்டு காட்சிகளுக்கும் நடுவே ஒரு இணைப்புச் சொல்லை வைத்துப் பாருங்கள். "அதனால்" என்றோ "ஆனால்" என்றோ பொருந்தினால் காட்சிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. "மறுகா", அதாவது "பிறகு", மட்டுமே பொருந்துமானால், அவை வெறுமனே அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டாலும் கதைக்குக் குறை வராது. அப்படிப்பட்ட காட்சியை எடுத்தே விடுங்கள், அல்லது முந்திய காட்சி அதை உண்டாக்கும்படி மாற்றுங்கள். படலை பூட்டியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பாதையில் கண்ட ஊர்க்காரி கைபேசியில் முன்னரே தகவல் சொல்லியதால் அண்ணன் படலையைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார் என்றால், முதற் காட்சியில் சொன்ன பொய்க்கும் இந்தப் பூட்டுக்கும் இடையில் ஒரு கயிறு விழுகிறது.

மற்றொரு பரிசோதனையும் உண்டு. ஒரு கேள்வியை மூடுவதற்கு முன் அடுத்ததைத் திறந்திருக்கிறீர்களா? பூமணி எங்கே போகிறாள் என்ற விடை கிடைக்கும் வரியிலேயே, ஏன் படலையைத் தட்டத் தயங்குகிறாள் என்ற கேள்வி பிறந்திருக்க வேண்டும். எல்லாக் கேள்விகளும் ஒருசேர மூடியிருக்கும் இடம் நடுவில் எங்கேனும் இருந்தால், வாசகர் தாளைக் கீழே வைக்கும் இடம் அதுதான்.

6. எதை, எப்போது சொல்வது

அண்ணன் ஏன் பேசுவதில்லை என்பது எங்கள் கதையின் மையத் தகவல். கிழக்கிலங்கையில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. தங்கைக்கு வீடு கட்ட அண்ணன்மார் இளமையெல்லாம் உழைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. பூமணியின் வீட்டையும் அண்ணன்தான் கல் சுமந்து கட்டினார். பிறகு அந்த வீட்டில் நடந்த ஒரு நல்ல காரியத்தில், வந்தவர்களுக்கெல்லாம் விறாந்தையில் கதிரை போட்டார்கள்; அவருக்குப் போடவில்லை.

இதை முதற் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் நடுப்பகுதியில் காத்திருக்க ஒன்றும் இராது. கடைசிப் பக்கம் வரை மறைத்தால், பூமணியின் தலைக்குள்ளேயே இருக்கும் வாசகருக்கு அவள் அறிந்ததைச் சொல்லாமல் ஒளித்ததாகும். அது கபடம் என்று உடனே பிடிபட்டுவிடும். துண்டுகளாக்கிக் கொடுப்பதே நேர்மையான வழி. படலையடியில் நிற்கும்போது சுவரின் கட்டுமானத்தைப் பார்த்து, "தன் வீட்டுச் சுவரிலும் இதே கைதான்" என்று ஒரு வரி. அண்ணனின் மகன் உள்ளிருந்து கதிரை கொண்டுவந்து போடும்போது அவள் உட்காராமல் நிற்பது அடுத்த துண்டு. அண்ணன் வந்து அந்தக் கதிரையைப் பார்க்கும்போது வாசகரே மீதியைப் பொருத்திக்கொள்வார். தானே பொருத்திய விடயத்தை வாசகர் எளிதில் விட்டுப் போவதில்லை.

இங்கே அடிக்கடி நிகழும் பிழை, உரையாடலைத் தகவல் மூட்டையாக்குவது. "அண்ணன், உங்களுக்குத் தெரியுந்தானே, நீங்கள்தான் எனக்கு வீடு கட்டித் தந்தீர்கள்" என்று எந்தத் தங்கையும் பேசமாட்டாள். இருவருக்கும் தெரிந்ததை இருவரும் சொல்லிக்கொள்ளும் வரி கண்ணில் பட்டால், அதைச் செயலாகவோ பொருளாகவோ மாற்றுங்கள். இங்கே அந்தக் கதிரை செய்வது போல.

7. எல்லோருக்கும் தெரிந்த பேரழிவை எழுதும்போது

இதற்குத் தனிப் படி வேண்டும். இந்த மாவட்டங்களிலிருந்து வரும் கதைகளில் பெரும் பங்கு இதைத் தொடுகிறது, பெரும் பங்கு இங்கேயே விழுகிறது.

1978 நவம்பர் 23 அல்லது 2004 டிசம்பர் 26 என்று எழுதிய மறுகணம், மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. முதலாவதில் சூறாவளி வரும், இரண்டாவதில் சுனாமியாகக் கடல் வரும். "என்ன நடக்கும்?" என்ற கேள்வி தொடக்கத்திலேயே இறந்துவிட்டதால், அதை நம்பி எழுப்பப்படும் பரபரப்பு வீண். அலையின் உயரத்தை எவ்வளவு வர்ணித்தாலும் வாசகரின் நினைவு அதைவிடப் பெரியது.

கூத்துக் களரியைச் சுற்றி உட்கார்ந்திருப்போருக்கு அபிமன்யு சக்கர வியூகத்திலிருந்து திரும்பமாட்டான் என்பது சிறு வயதிலேயே தெரியும். ஆயினும் விடியும்வரை இருக்கிறார்கள். அவன் யாரிடம் எப்படி விடைபெறுவான், தடுப்பவருக்கு என்ன மறுமொழி சொல்வான் என்பதற்காகக் காத்திருக்கிறார்கள். தெரிந்த அழிவை எழுதுகிறவரும் அதையே செய்ய வேண்டும்: அழிவு விடை சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கதைக்குக் கொடுக்க வேண்டும்.

மட்டக்களப்பின் கடற்கரையில், நாவலடியில் வாழும் ஒரு தகப்பனை எடுத்துக்கொள்வோம். முந்திய இரவு மகனைக் கைநீட்டி அடித்துவிட்டார். மகன் கோபத்தில் வவுணதீவுக்கு, சிறியதாய் வீட்டுக்குப் போய்விட்டான். அது கடலிலிருந்து உள்ளே, வாவிக்கு மேற்கே உள்ள ஊர். விடிந்ததும் போய் அவனைக் கூட்டிவருவதா, அவனாக வரட்டும் என்று இருப்பதா என்று தகப்பன் தத்தளிக்கிறார். இப்போது கடல் வரும் என்று தெரிந்த வாசகருக்கு ஒவ்வொரு நிமிடமும் கனக்கிறது. தகப்பன் போகவேண்டும் என்று வாசகர் வேண்டிக்கொள்கிறார், மகன் வந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறார். தெரிந்த முடிவே இங்கே எழுத்தாளருக்குத் துணையாகிவிட்டது.

இத்தகைய கதையில் தகவற் பிழைக்கு மன்னிப்பில்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பௌர்ணமி விடுமுறையும் கூட. அந்தக் காலையில் தகப்பன் கச்சேரிக்கு, அதாவது அரச அலுவலகத்துக்கு, புறப்பட்டார் என்று ஒரு வரி இருந்தால், அன்றைய நாளைக் கடந்து வந்த வாசகர் அதற்கு மேல் உங்களை நம்பமாட்டார். இழந்தவர்கள் வாசிக்கிறார்கள் என்ற நினைவோடு எழுதுங்கள். சடலங்களை எண்ணுவதும் விவரிப்பதும் வாசகரைப் பிடித்து நிறுத்தும் உத்தி அல்ல. அது அவர்களுடைய துயரத்தைக் கடன் வாங்கிக் கதையின் வெறுமையை நிரப்புவது. போரை எழுதும்போதும் இதே அளவுகோலைப் பாவியுங்கள்.

8. முதற் பந்தியை எழுதுதல்

இத்தனை படிகளுக்குப் பின்னரே முதற் பந்தி. புதியவர்களின் கைப்பிரதிகளில் இது பெரும்பாலும் வாவியின் மேல் நிலவு, மீன் பாடும் ஓசை, தென்னந்தோப்பின் காற்று என்று தொடங்குகிறது. அவை அழகானவையே. ஆனால் யாருக்கு என்ன நேரப் போகிறது என்று தெரியாத நிலையில் வாசகரிடம் அந்த நிலவை வைத்துக்கொள்ளக் காரணம் இல்லை.

முதற் பந்தியில் மூன்று விடயங்கள் இருக்க வேண்டும்: ஆள், அவர் இருக்கும் சிக்கல், கெடு. எடுத்துக்காட்டாக:

"பாதை மண்டூர்த் துறையை விட்டு நகர்ந்தபோது பூமணியின் மடியில் அடகுச் சீட்டு இருந்தது, பணம் இருக்கவில்லை. வங்கி மூன்று மணிக்கு மூடும். பக்கத்தில் நின்றவள், 'நாளைக்குக் கலியாணத்த வச்சிக்கிட்டு இஞ்சால எங்கக்கா போறாய்?' என்று கேட்டாள். 'பூ வாங்க' என்றாள் பூமணி."

வாவியை இனி நீங்கள் வர்ணிக்கலாம். அவள் கண்ணுக்கு அது அகலமாகத் தெரியும். பாதை மெதுவாகப் போகிறது என்ற கோபத்தோடு தெரியும். ஆளின் தேவையின் ஊடாக வரும் வர்ணனையை வாசகர் தாண்டிக் குதிப்பதில்லை.

9. முதற் பிரதியும் வேகமும்

பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முடிவு வரை எழுதுங்கள். நடுவில் திருத்தத் தொடங்கினால் முதல் இரண்டு பக்கங்கள் மட்டும் மெருகேறி, மீதி கைவிடப்படும்.

வேகத்தைப் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும். தெரிவு நிகழும் காட்சிக்கு அதிக இடம் கொடுங்கள். பயணங்களுக்குக் குறைத்துக் கொடுங்கள். பூமணி சோற்றுக்கு முன் உட்காரும் கணம் ஒரு வரியில் முடிந்து, பாதைப் பயணம் இரண்டு பக்கம் நீண்டால், முக்கியமானது எது என்பதை வாசகருக்குத் தவறாகச் சொல்லிவிட்டீர்கள். சோறு போடும் கை, கறியின் மணம், சுவர்க் கடிகாரம், அண்ணன் பார்க்காத பக்கம் பார்த்திருப்பது ஆகியவற்றுக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு.

10. ஆறவிட்டு வெட்டுதல், வாசித்துக் காட்டுதல்

பிரதியைச் சில நாட்கள் தொடாமல் வையுங்கள். பிறகு சத்தமாக வாசியுங்கள். நாக்கு தடுமாறும் வாக்கியத்தில் கண்ணும் தடுமாறும். கடைசிப் பந்தியை மறைத்துவிட்டு அதற்கு முந்திய பந்தியோடு கதை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். கடைசிப் பந்தி விளக்கவுரையாக, "உறவுதான் பெரிது என்று அவள் உணர்ந்தாள்" என்பது போல இருந்தால், அதை எடுத்துவிடுங்கள். பாயில் உட்கார்ந்ததே அதைச் சொல்லிவிட்டது.

பின்னர் எழுத்துத் துறையோடு தொடர்பில்லாத இருவரிடம் கொடுங்கள். "கதை எப்படி?" என்று கேட்காதீர்கள், நல்லதென்று சொல்வார்கள், அதிலிருந்து கற்க ஒன்றும் இல்லை. தாளோடு ஒரு பென்சிலையும் கொடுத்து, கவனம் வேறெங்காவது போன இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இருவரும் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால் காட்சிப் பட்டியலுக்குத் திரும்பி, அந்த இடத்தில் எந்தக் கேள்வி திறந்திருந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் எதுவும் திறந்திருக்காது. வாக்கியங்களை அழகுபடுத்துவதால் அந்த இடம் சரியாகாது. முந்திய காட்சியில் மூடிய கேள்வியைச் சற்றுப் பிந்தி மூடுங்கள், அல்லது அந்தக் காட்சியையே எடுத்துவிட்டு, புதிய பிரதியை இதுவரை வாசிக்காத ஒருவரிடம் கொடுங்கள்.